மலை மேல ஒரு செங்கல் என்ன விலை?

வெள்ளிமலையில ஒரு வகுப்பறை கட்டணும், நீங்கதான் சைட் மேனேஜர்னு வச்சுக்குங்க. கள்ளக்குறிச்சியில செங்கல் ஏத்தினா, மலைப்பாதை முழுக்க லாரி வாடகை எஸ்டிமேட்ல ஏறும். சூளையில எரிஞ்ச விறகோட புகை எந்தக் கணக்குலயும் வராது.

மாற்று வழி ரொம்ப தூரத்தில் இல்லை. ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் 1989 முதல் மண் கட்டுமானத்தில் இயங்குகிறது. அங்கே மண்ணோடு சுமார் 5% சிமென்ட் கலந்து, மெஷினில் அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். சூளையே தேவையில்லை.

ஆனா எல்லா மண்ணும் ஆகாது. கண்ணாடி பாட்டில்ல மண்ணும் தண்ணியும் போட்டுக் குலுக்கி வைங்க. மணல் முதலில் அடியில் படியும். களிமண் கடைசியாக மேலே படியும். பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களிமண் இருந்தா நல்லது. மேல்மண்ணைத் தொடாதீங்க, அது பயிருக்கு.

பலர் சறுக்குவது மண்ணில் இல்லை, ஷெட்யூலில். இந்தக் கட்டிகளை 4 வாரம் ஈரம் காயாம க்யூரிங் பண்ணணும். அந்த 28 நாளை மறந்த மேனேஜர், வேலை நிக்குதேன்னு கடைசியில செங்கல் லாரிக்கே போன் போடுவார்.

அடுத்த முறை பார் சார்ட் போடும்போது மண் டெஸ்டை முதல் வரியாகவும், க்யூரிங்கைத் தனி வரியாகவும் எழுதுங்க. சுவர் வேலை எந்தத் தேதிக்கு நகருதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.