காய்ச்சலோடு பேதியா? தண்ணீரை நிறுத்தாதீர்கள்

"தண்ணி குடுத்தா இன்னும் போகும், வாயைக் கட்டிப் போடு." காய்ச்சலும் பேதியுமாகக் கிடக்கும் குழந்தைக்குப் பல வீடுகளில் இன்னமும் நடக்கும் வைத்தியம் இது. இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை. பேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடம்பின் நீர் வற்றுவதுதான். பேதி போய்க்கொண்டிருக்கும்போதும், உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் குடல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 1971-இல் மேற்கு வங்கத்தில் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவி, சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இப்படியொரு கரைசலைத்தான் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அவருடைய முகாமில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்களே, அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதே வழியில் வந்தது.

கரைப்பதில்தான் தவறு நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் கொஞ்சம் கொட்டி டம்ளரில் கலக்கினால் உப்பு எகிறிவிடும். முழுப் பொட்டலத்தையும் ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். குடித்ததும் வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுங்கள். வெறும் குளுக்கோஸ் பவுடரும் அட்டைப்பெட்டி ஜூஸும் இதற்கு ஈடாகாது. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும்.

பட்டினியும் வேண்டாம். தாய்ப்பால், கஞ்சி, இட்லி, மோர்சாதம் எதையும் நிறுத்தத் தேவையில்லை. குழந்தைக்கு டாக்டர் எழுதித் தரும் ஜிங்க் மாத்திரையை, பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும்.

"பல் முளைக்குது, அதான்" என்பார்கள். பல் முளைப்பதால் கடுங்காய்ச்சலும் பேதியும் வராது. தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வயிற்றை உருவி, வாயிலிருந்து ஒரு பருக்கையை எடுத்துக் காட்டியதும் தாய்க்கு நிம்மதி வருகிறது. குழந்தையின் உடம்பில் நீர் வற்றுவது நிற்பதில்லை.

"ஆன்டிபயாடிக் போட்டால் உடனே நின்றுவிடும்" என்பதும் தப்பு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வைரஸால்தான் இது வருகிறது; அதன்மேல் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பேதியைக் கட்டும் மாத்திரையைக் குழந்தைகளுக்கும், காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ உள்ள பெரியவர்களுக்கும் கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்கு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். இபுபுரூஃபன் வேண்டாம், நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவுக்கும் வழிவிடும்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, மலத்தில் ரத்தம், எதைக் குடித்தாலும் வாந்தி, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை, விழுங்க முடிகிற குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே இருங்கள்.