வெளியூர் வேட்பாளர்

கேள்வி: புவனகிரி சட்டமன்றத் தொகுதியில் நிற்பவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டுமா? (வாசகர், சேத்தியாத்தோப்பு)

பதில்: வேண்டியதில்லை. 25 வயது நிரம்பி, தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். கன்னியாகுமரிக்காரரும் புவனகிரியின் வெள்ளாற்றங்கரைக்கு வந்து நிற்கலாம். ஆனால் முன்மொழிகிறவர் இந்தத் தொகுதி வாக்காளராக இருந்தாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒருவர், சுயேச்சைக்குப் பத்துப் பேர். (பத்துப் பேரையும் கூட்டி வருவதற்குள் டீச்செலவே டெபாசிட் 10,000 ரூபாயை எட்டிவிடாதா?)

பழகிய முகத்துக்கும் இங்கே உத்தரவாதமில்லை. 2006, 2011இல் வென்ற அ.தி.மு.க.வின் செல்வி ராமஜெயம், 2016இல் தி.மு.க.வின் துரை கி. சரவணனிடம் தோற்றார். 2021இல் சரவணனை வீழ்த்திய அருண்மொழித்தேவன், 2014 நாடாளுமன்றத் தேர்தலில் கடலூரில் வென்று டில்லிக்குப் போனவர்.