இழுவை வண்டி வாங்குமுன் – ஒரு கணக்குப் பாடம்

ஜூன், ஜூலையில் தோத்தாபுரி மாங்காய் இறங்கத் தொடங்கினால் நம் புத்தூர்ப் பகுதிச் சாலைகளில் டிராக்டரும் டிரெய்லரும்தான் கண்ணில் படும். தோப்பிலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து கூழ் தொழிற்சாலைக்கும் அவை ஓய்வின்றி ஓடும். பிறகு கரும்பு, செங்கல், மணல் என்று ஆண்டு முழுவதும் வேலை உண்டு. தமிழகத்திலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கியோ, குத்தகைக்கு எடுத்தோ பயிர் செய்யும் நம் குடும்பங்களில் பலர் டிராக்டர் வாங்கியிருக்கிறார்கள். சிலர் வாங்க எண்ணியிருக்கிறார்கள். கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.?" என்பதுதான்.

ரயில்வேயில் பணி செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி சற்று வியப்பாக இருக்கும். ஒரு கூட்ஸ் வண்டிக்கு எஞ்சின் ஒதுக்கும்போது குதிரைத் திறனை மட்டும் பார்ப்பதில்லை. எஞ்சினின் எடை என்ன, அதன் சக்கரங்கள் வழுக்காமல் எவ்வளவு இழுக்கும், கப்ளிங் எவ்வளவு தாங்கும், பிரேக் எத்தனை வாகன்களில் வேலை செய்கிறது என்பதையெல்லாம் பார்த்த பிறகே வண்டி புறப்படும். அதே நான்கு கேள்விகள் டிராக்டருக்கும் பொருந்தும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்குகள்தான். வீட்டில் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்கலாம்.

எதை எதிர்த்து இழுக்கிறோம்?

வண்டி சீராக ஓடும்போது எஞ்சின் முக்கியமாக இரண்டு தடைகளை வெல்ல வேண்டும். ஒன்று, சக்கரம் உருளும் தடை. தண்டவாளத்தில் ஒரு டன்னுக்கு இரண்டு மூன்று கிலோ இழுவையே போதும். நல்ல தார்ச்சாலையில் டயர் வண்டிக்கு டன்னுக்கு 15 முதல் 20 கிலோ வரை வேண்டும். தோப்புக்குள் போகும் மண் பாதையில் 40 கிலோவோ அதற்கு மேலோ ஆகும்.

இரண்டாவது, ஏற்றம். நூறு அடி போகும்போது ஓர் அடி உயர்ந்தால் டன்னுக்குப் 10 கிலோ. இருபது அடிக்கு ஓர் அடி உயர்ந்தால் டன்னுக்கு 50 கிலோ. ஏரிக்கரை மேல் ஏறும் பாதைகளும், ரயில்வே கேட்டின் இருபுறச் சரிவுகளும் இப்படிச் செங்குத்தாக இருப்பது உண்டு.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. டிராக்டரின் எடை 2 டன், 45 எச்.பி. சரக்கோடு டிரெய்லர் 8 டன். மொத்தம் 10 டன். மண் பாதை, இருபதுக்கு ஒன்று ஏற்றம். ஒரு டன்னுக்கு 50 + 40 = 90 கிலோ; 10 டன்னுக்கு 900 கிலோ இழுவை வேண்டும்.

ஒரு எச்.பி. என்பது நொடிக்கு 75 கிலோ மீட்டர்-எடை வேலை. 45 எச்.பி. என்றால் 3,375. அதில் கியர் முதலியவற்றில் கால் பங்கு போனாலும் ஏறத்தாழ 2,530 மிஞ்சும். 900 ஆல் வகுத்தால் நொடிக்கு 2.8 மீட்டர், அதாவது மணிக்குப் பத்து கிலோமீட்டர். ஆக, இந்த ஏற்றத்தில் ஏற 45 எச்.பி. தாராளம். ஆனாலும் வண்டி ஏறாமல் நின்றுவிடும். ஏன்?

சக்கரத்தின் பிடிப்பு

எஞ்சின் எவ்வளவு பலம் கொடுத்தாலும், அதைத் தரையில் ஊன்றி இழுப்பது பின்சக்கரம்தான். அதன் பிடிப்பு, அதன்மேல் உட்காரும் எடையைப் பொறுத்தது. ஈரமான மண்ணில் அந்த எடையில் 0.4 பங்கு அளவே பிடிப்பு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மண்ணில் 0.5.

நம் மாதிரி டிராக்டரில் முன்னச்சில் 700 கிலோ, பின்னச்சில் 1,300 கிலோ. நான்கு சக்கர டிரெய்லரைக் கட்டினால் அதன் எடை முழுவதும் அதன் சக்கரங்களிலேயே நிற்கும். டிராக்டர்மேல் ஒன்றும் இறங்காது. இழுக்கும்போது மட்டும் முன்பக்க எடையில் கொஞ்சம் பின்னுக்கு மாறும். கொக்கியில் இழுவை 8 × 90 = 720 கிலோ; கொக்கியின் உயரம் அரை மீட்டர்; முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2 மீட்டர். 720 × 0.5 ÷ 2 = 180 கிலோ. பின்னச்சு 1,480 ஆகும். ஈர மண்ணில் பிடிப்பு 592 கிலோ, காய்ந்த மண்ணில் 740 கிலோ. வேண்டியதோ 900. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது. இந்த இடத்தில் 60 எச்.பி. எஞ்சினைப் பொருத்தினாலும் குழிதான் இன்னும் வேகமாகப் பறியும்.

இது ரயில்வே கேட்டில் நடந்தால் என்ன ஆகும்? நம் ஊர் வழியாகப் போவது சென்னையிலிருந்து ரேணிகுண்டா வழியாக மும்பை செல்லும் முக்கியப் பாதை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடும். கேட் திறந்திருக்கிறது என்பதற்காகப் பாரவண்டியைச் சரிவில் ஏற்றிவிடாமல், அந்தப் பக்கம் முழு வண்டியும் இறங்க இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

கொக்கியும் முன்பாரமும்

பின்சக்கரத்தில் எடை கூட்ட ஒரு வழி, டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது. இன்னொரு வழியை நம் பாட்டனார்கள் மாட்டுவண்டியிலேயே அறிந்திருந்தார்கள். பின்பாரம் ஏற்றினால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் அதிகமானால் மாடு திணறும். அளவான முன்பாரமே வண்டிக்காரனின் கெட்டிக்காரத்தனம். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே நியாயம்தான்.

இரண்டு சக்கர டிரெய்லர், கொக்கியின்மேல் 600 கிலோ இறக்குகிறது என்று கொள்வோம். கொக்கி பின்னச்சுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. ஏற்ற இறக்கப் பலகையைப் போல, இது முன்னச்சிலிருந்து 600 × 0.7 ÷ 2 = 210 கிலோவைத் தூக்கிவிடும். முன்னே கண்ட 180 கிலோவும் சேர்ந்தால் முன்னச்சில் மிஞ்சுவது 700 – 390 = 310 கிலோ. பின்னச்சில் 2,290 கிலோ. ஈர மண்ணிலும் பிடிப்பு 916 கிலோ. மயிரிழையில் வண்டி ஏறிவிடும்.

ஆனால் புதிய ஆபத்து ஒன்று வந்துவிட்டது. ஸ்டியரிங் சொன்னபடி கேட்க வேண்டுமானால், டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும். நம் கணக்கில் அது 400 கிலோ; இருப்பது 310. பள்ளத்தில் விழுந்து எழும்போது முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கும், திருப்பினாலும் திரும்பாது. இதற்கு மருந்து, முன் பம்பரில் எடைக்கட்டிகள் மாட்டுவது. முன்னச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 100 கிலோ மாட்டினால் முன்னச்சில் 125 கிலோ கூடும். 435 ஆகிவிடும். இதுவே எல்லை. மழை நாளில் ஒரு டன் குறைத்து ஏற்றுவது புத்திசாலித்தனம்.

கொக்கியின் உயரமும் முக்கியம். பின்னச்சின் மட்டத்துக்குக் கீழேதான் இழுக்க வேண்டும். மேலே, மூன்று முனை இணைப்பின் மேல் கம்பியில் சங்கிலி கட்டி இழுத்தால், டிராக்டர் பின்புறமாகப் புரண்டு ஓட்டுநர்மேலேயே விழும். நொடிப்பொழுதில் நடக்கும் விபத்து அது. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு இருக்கிறது என்று நம் ஊர்க்காரர்கள் விளையாட்டாகச் சொல்வதுண்டு. இந்த விபத்தில் கட்டுப் போடவும் வேலை இருக்காது.

நிறுத்துவதே பெரிய வேலை

இழுக்க முடியாத வண்டி நின்றுபோகும். நஷ்டம் ஒரு நாள் கூலி. நிறுத்த முடியாத வண்டி ஆளைக் கொல்லும். வாங்குபவர் அதிகம் யோசிக்க வேண்டியது இதைப் பற்றித்தான்.

நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக். டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த தார்ச்சாலையில், நம் மாதிரி டிராக்டர் தனியாக நிற்க ஏறத்தாழ 7 மீட்டர் போதும். பிரேக் இல்லாத 8 டன் டிரெய்லர் பின்னால் இருந்தால் 19 மீட்டர். இருபதுக்கு ஒன்று இறக்கத்தில் 31 மீட்டர். பிரேக்கை மிதிக்கக் கால் எடுக்கும் ஒரு நொடியில் ஓடும் 7 மீட்டரை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். குழந்தை குறுக்கே ஓடிவந்தால் எத்தனை மீட்டர் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ரயில்வே இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மா நகருக்கு அருகே ஓர் உல்லாசப் பயண ரயில் ஏற்றத்தில் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்தபோது பின்பகுதிப் பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடி, பின்னால் வந்த ரயிலோடு மோதின. குழந்தைகள் பலர் உட்பட 80 பேர் மாண்டனர். பெட்டிகள் பிரிந்தால் தானாகப் பிடிக்கும் பிரேக் அந்த வண்டியில் இல்லை. அதே ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பயணிகள் ரயிலில் எல்லாப் பெட்டிகளுக்கும் தானியங்கித் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கியது. இன்று நம் ரயிலில் கப்ளிங் அறுந்தால் காற்றுக்குழாய் பிரிந்து இரண்டு பாதியும் தானாக நிற்பது அதே தத்துவத்தில்தான்.

ஆகவே டிரெய்லர் செய்யக் கொடுக்கும்போதே பிரேக் உள்ளதாகக் கேளுங்கள். டிராக்டரில் டிரெய்லர் பிரேக்குக்கான இணைப்பு உண்டா என்றும் கேளுங்கள். கொக்கிப் பின்னுக்குப் பூட்டும், கூடவே ஒரு காப்புச் சங்கிலியும் இருக்கட்டும். டிராக்டரின் இடது, வலது பிரேக் மிதிகள் வயலில் திரும்ப வசதியாகத் தனித்தனியாக இருக்கும். சாலைக்கு வருமுன் இரண்டையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி மடங்கிவிடும். இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள்

2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் மாவட்டம் காட்டம்பூர் அருகே, கோயிலில் குழந்தைக்கு முடியிறக்கிவிட்டுத் திரும்பியவர்கள் சென்ற டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 26 பேர் இறந்தனர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நாமும் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் முடியிறக்கப் போகிறவர்கள்தாம். டிரெய்லர் சரக்குக்கு உரியது. சொந்தங்களுக்குப் பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள், படுக்கையும் சமையலறையும் உள்ள பயண டிரெய்லரைக் கட்டி இழுக்கப் பெரிய பிக்அப் வாங்குகிறார்கள். அவர்களுக்கும் இதே பாடம்தான். அங்கே சரக்கோடு டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது வழக்கம். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

விளம்பரத்தில் "4,500 கிலோ இழுக்கும்" என்றிருக்கும். டிரெய்லர் 3,500 கிலோதான் என்று மனம் நிம்மதி அடையும். ஆனால் கொக்கியில் 12 சதவீதம், அதாவது 420 கிலோ இறங்குகிறது. குடும்பமும் சாமான்களும் 350 கிலோ. மொத்தம் 770. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் ஏற்றத்தக்க எடை 700 கிலோ என்றிருந்தால், வண்டி அப்போதே அளவு மீறிவிட்டது. டீசல் எஞ்சின் எடை கூடியது. மொத்த எடை எல்லை மாறாமல் டீசல் எடுத்தால், ஏற்றத்தக்க எடை குறையும் என்பதையும் கவனிக்க வேண்டும். விளம்பரத்தைவிட அந்தச் சீட்டை நம்பச் சொல்லுங்கள். டிரெய்லரின் மின்சார பிரேக்கும், கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் சுவிட்சும் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பார்க்கச் சொல்லுங்கள்.

எடை மேடையில் மூன்று முறை

கணக்கு நம் டிராக்டருக்குச் சரிதானா என்று அறிய எடை மேடைக்குப் போனால் போதும். முதலில் டிராக்டரை மட்டும் நிறுத்துங்கள். அடுத்து, பாரமேற்றிய டிரெய்லரைக் கட்டியபடியே டிராக்டர் மட்டும் மேடையில் நிற்கட்டும்; கூடிய எடைதான் கொக்கிப் பாரம். மூன்றாவதாக, கட்டிய நிலையிலேயே முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கட்டும். இது நிற்கும்போது உள்ள எடை. ஏற்றத்தில் இழுக்கும்போது இன்னும் குறையும். ஆகவே டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே நல்ல மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: அதே டிராக்டர், அதே ஏற்றம், நான்கு சக்கர டிரெய்லர் சரக்கோடு 5 டன் மட்டும். வண்டி ஏறுமா? (விடை: வேண்டிய இழுவை 630 கிலோ. பின்னச்சில் ஏறத்தாழ 1,412 கிலோ. காய்ந்த மண்ணில் பிடிப்பு 706, ஏறும். ஈர மண்ணில் 565, ஏறாது.)

இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்த பிள்ளை, நாளை அப்பா டிரெய்லரில் மேலும் ஒரு டன் ஏற்ற நினைத்தால் "வேண்டாம்ப்பா" என்று சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொள்ளுங்கள்.