அடங்காத பிள்ளையா, தாங்காத பிள்ளையா?

"பையன் வெகு சூட்டிகை, மனக்கணக்கில் நம்மையே மிஞ்சுவான். பள்ளிக்கூடத்தில்தான் ஒரு நாளும் அடங்கி உட்காருவதில்லை." இப்படி மனம் நொந்து பேசும் தகப்பனார் எந்தக் கடைத்தெருவிலும் உண்டு, பீடோரும் அதற்கு விலக்கன்று.

மணி அடித்தால் காதைப் பொத்துகிறான். சட்டைக் கழுத்து உறுத்துகிறதென்று கழற்றி எறிகிறான். சிற்றுண்டிச்சாலை இரைச்சலில் அலறுகிறான். முதலில் ரோத்தான் அடி. பிறகு, "படித்தது போதும், கடையில் நிற்கட்டும்" என்ற தீர்ப்பு. ஒரு நல்ல அறிவு அத்தோடு முடங்கிப் போகிறது.

சகோதரர்களே, காரணத்தை முதலில் அறிய வேண்டும். ஓசை, வெளிச்சம், தொடுகை, வாடை ஆகியவை சில பிள்ளைகளை மற்றவர்களை விடக் கடுமையாகத் தாக்குகின்றன. அமெரிக்காவின் ஜீன் ஏர்ஸ் அம்மையார் 1972-இல் இதுபற்றித் தனி நூலே எழுதினார். 2013-இல் அந்நாட்டு மனநல வைத்தியர் சங்கம் ஆட்டிசத்தின் அடையாளங்களில் இதனையும் சேர்த்தது. ஆயினும் இக்குணமுள்ள பிள்ளைகள் யாவருக்கும் ஆட்டிசம் என்று கொள்ளலாகாது. அதைத் தீர்மானிப்பது வைத்தியர் வேலை. இது அறிவுக் குறைவும் அன்று.

கணக்கு எழுதுவது நமக்குக் கைவந்த தொழில். ஒரு நோட்டில் இரண்டு வாரம் இம்மூன்றையும் குறித்து வாருங்கள்:

1. கலகம் நடந்த நேரமும் இடமும்.
2. அதற்குச் சற்று முன் நடந்தது.
3. அதன் பின் பெரியவர்கள் செய்தது.

சபைகூடல் நாட்களில் மட்டும் சண்டை என்று தெரிந்தால், ஒலிபெருக்கியைச் சந்தேகிக்கலாம். அலறியபோதெல்லாம் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தால், அலறினால் வீடு போகலாம் என்பதையே பிள்ளை பாடமாகப் படித்திருப்பான்.

அந்த நோட்டுடன் ஆசிரியரைக் கண்டு, சிறு உதவிகளையே கேளுங்கள். ஒலிபெருக்கிக்குத் தூரமாக நிறுத்தலாம். மணி அடிக்குமுன் சொல்லி வைக்கலாம். அலறும்முன்பே ஐந்து நிமிடம் அமைதியான இடத்தில் இருக்கவிட்டு, மீண்டும் பாடத்துக்கு அழைக்கலாம். பல பிள்ளைகள் உரக்க ஓதும் மத்ரஸாவில் உஸ்தாதுக்கும் இதைத் தெரிவியுங்கள். வீட்டில் உம்மாவும் வாப்பாவும் ஒரே முறையைக் கையாள வேண்டும்.

அதே நோட்டை அரசாங்கக் கிளினிக் வைத்தியரிடமும் காட்டி, குழந்தை நல நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை அரசாங்கப் பள்ளிகள் மறுக்கலாகாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை. அத்தகைய பிள்ளை சாதாரண வகுப்பிலேயே உதவியுடன் படிக்கவும் 2013-ஆம் ஆண்டு விதிகளில் வழியுண்டு. தலைமையாசிரியரிடம் அதைப் பெயர் சொல்லியே கேட்கலாம்: உள்ளடங்கிய கல்வி.

கடைக்கு ஆள் வேண்டுமானால் வேறு ஆள் கிடைப்பார். பிள்ளையின் பள்ளி வயதோ ஒருமுறை போனால் திரும்பாது. அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்துமுன், அந்த இரண்டு வாரக் கணக்கை எழுதிப் பாருங்கள்.