கொசு வயிற்றில் கறுப்புப் புள்ளி

கேள்வி: மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து அதையே தின்கிறதாம். அவ்வளவு இரும்பு அதற்கு நஞ்சாகாதா? தப்பிக்கும் வித்தை எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகர், காவேரிப்பாக்கம்

பதில்: நஞ்சுதான். ஹீமோகுளோபினின் புரதத்தைக் கிருமி செரித்துவிடும். இரும்பு கோத்த ‘ஹீம்’ மட்டும் மிஞ்சும். அந்த இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று கிருமியையே அரிக்கும் பொருள்கள் பிறக்கும்.

அதனால் ஹீமைக் கறுப்புப் படிகமாக்கி ஒதுக்கிவைக்கிறது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியைக் கண்டுகொண்டது இந்தக் கறுப்பை வைத்துத்தான். அதே ஆண்டு நம் ஊட்டிக்குக் கீழே சீகூர் பக்கம் மலேரியாவை ஆராயப் போய், தானே அந்தக் காய்ச்சலில் படுத்தவர் அவர்!

படிகம் மட்டும் போதாது. பெராக்சைடை உடைக்க நம் உடம்பில் இருக்கும் கேட்டலேஸ் நொதி இந்தக் கிருமிக்குக் கிடையாது. தயோரெடாக்சின், குளூட்டாரெடாக்சின் போன்ற குட்டிப் புரதங்கள்தான் அந்தக் குறையைச் சமாளிக்க உதவுகின்றன. எலெக்ட்ரானைக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. உங்கள் வட்டாரத்துத் தோல் தொழிலில் முன்பெல்லாம் டைகுரோமேட்டில் மொலாசஸ் ஊற்றிப் பதனிடும் குரோம் கரைசல் தயாரிப்பார்கள். அங்கே எலெக்ட்ரானைக் கொடுத்தது மொலாசஸ். கொடுத்ததோடு அது தீர்ந்தும் போனது. தயோரெடாக்சின் தீர்வதில்லை. தன்னிடமுள்ள இரண்டு கந்தக முனைகளால் எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, வேறொரு நொதியிடம் திரும்பப் பெற்று மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

வித்தை கிருமியின் சொந்தச் சரக்கு இல்லை. தயோரெடாக்சின் பாக்டீரியா முதல் மனிதன் வரை எல்லோரிடமும் உண்டு. 1964இல் சுவீடனில் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள். இந்தப் புரதக் குடும்பத்தில் மலேரியாக் கிருமிகளிடம் மட்டுமே உள்ள உறுப்பினர் ‘பிளாஸ்மோரெடாக்சின்’. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் காட்யா பெக்கர் குழு 2003இல் அதை அறிவித்தது. நம்மிடம் இல்லாத புரதம் என்றால் மருந்துக்கு நல்ல இலக்கு என்று தோன்றும். ஆனால் எலி மலேரியாக் கிருமியில் அதன் மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, கிருமி வழக்கம்போலவே பெருகியது.

பழைய சாயம் ஒன்றுக்கே இந்த இடத்தில் மதிப்பு அதிகம் என்பேன். 1891இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்த மெத்திலீன் நீலம், இதேபோல் எலெக்ட்ரானைக் கொடுக்கும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூற்றைப் புதுப்பிக்கும் நொதியின் வேலையைக் கெடுக்கிறது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. சிறுநீர் நீலப் பச்சையாகப் போகும், அது போகட்டும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்களே உடையக்கூடும் என்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி.