ஓதுதலும் உணர்தலும்
மனித உயிரியற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர்க்கு

மனித உயிரியலைப் புதிதாகக் கற்கப் புகும் மாணவர், பரீட்சை நெருங்குங் காலத்திற் பெரும்பாலும் ஒரே வழியைக் கையாளுகின்றனர். உறுப்புக்களின் பெயர்களை நிரல்படுத்தி மனனஞ் செய்து, அவற்றை விடைத்தாளில் ஒப்புவித்துவிடலாம் என நம்புகின்றனர். பெயர்களை அறியாது இப்பாடத்தைக் கற்றல் இயலாது என்பது உண்மையே. ஆயினும், பெயரறிவு மட்டும் உடையார், வினா சிறிது திரும்பி வருமாயின் திகைத்து நிற்பர். ஓதுதல் வேறு; உணர்தல் வேறு. இவ்வேறுபாட்டைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்க முயல்வோம்.

1. வரைவிலக்கணம்

ஒட்சிசன் மிக்க குருதியைக் கொண்டு செல்வது நாடி, ஒட்சிசன் குறைந்த குருதியைக் கொண்டு செல்வது நாளம் எனப் பலர் கொப்பியில் எழுதி வைப்பர். நுரையீரல் நாடியிற் செல்லுங் குருதி எத்தகையது என வினவப்பட்டதும் இவ்வரைவிலக்கணம் வீழ்ந்துவிடுகின்றது. இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு செல்வது நாடி. இதயத்தை நோக்கிக் கொண்டு வருவது நாளம். ஆதலின், வலது இதயவறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லுங் குருதி ஒட்சிசன் குறைந்ததாயினும், அது செல்லும் வழி நாடியேயாம். இவ்வாறு திசையை உணர்ந்தவர்க்குப் பிறவும் எளிதில் விளங்கும். இதயம் தள்ளும் அமுக்கத்தை நேரே தாங்குவதால் நாடியின் சுவர் தடித்தது. அமுக்கங் குறைந்த நாளங்களிற் குருதி பின்னோக்கி வழியாதிருத்தற்கு வால்வுகள் வேண்டப்படுகின்றன.

2. எண்ணும் கணக்கும்

நூலிற் காணும் எண்களைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். உணவிலிருந்து ஈரலிற் குருதி இடையறாது உண்டாகி, உடலிற் செலவாகி ஒழிகின்றது என்பதே பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் வழிவந்தோர் கொள்கை. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனைக் கணக்கினால் மறுத்தார். இன்றைய அளவுகளைக் கொண்டு நாமும் அதனைச் செய்து பார்ப்போம். ஒரு துடிப்பில் இதயவறை ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியை வெளியேற்றுகின்றது. நிமிடத்துக்கு 72 துடிப்பாயின் அது ஏறத்தாழ 5 லீற்றர். அரை மணித்தியாலத்தில் 150 லீற்றர். வளர்ந்தவர் உடலில் உள்ள குருதியோ ஏறத்தாழ 5 லீற்றரே. எவ்வுணவு அரை மணியில் 150 லீற்றர் குருதியாக மாறும்? ஆகவே, அதே குருதியே மீண்டும் மீண்டும் சுற்றி வருதல் வேண்டும். நாடியிலிருந்து நாளத்துக்கு அது செல்லும் வழியை ஹார்வி கண்டாரல்லர். 1661ஆம் ஆண்டில் இத்தாலியரான மல்பீகி, தவளையின் நுரையீரலில் மயிர்த்துளைக்குழாய்களை நுணுக்குக்காட்டியினாற் கண்டு அவ்விடைவெளியை நிரப்பினார்.

சிறுநீரகத்தையும் இவ்வாறே கற்கலாம். நாளொன்றுக்கு அங்கு வடிக்கப்படுந் திரவம் ஏறத்தாழ 180 லீற்றர். வெளியேறுஞ் சிறுநீர் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். எஞ்சியது எங்கே? அது சிறுகுழாய்களிற் குருதியினுள் மீள உறிஞ்சப்படுகின்றது. வடிந்த குளுக்கோசும் சுகதேகியில் அவ்வாறே மீட்கப்படும். குருதியிற் குளுக்கோசு அளவு மிஞ்சினால், மீட்கும் ஆற்றலைக் கடந்து அது சிறுநீரில் தோன்றும். நீரிழிவு நம் இல்லங்கள் பலவற்றிற் புகுந்துள்ள நோயாதலின், இவ்வறிவு வினாத்தாளோடு முடிவதன்று.

3. ஆயத்தம் செய்யும் முறை

நூலை மூடிவைத்து இதயத்தின் படத்தை வரைக, பெயரிடுக, பின்னர் நூலைத் திறந்து பிழை திருத்துக. பலமுறை வாசித்தலினும் இது பயன் மிக்கது. ஒரு சோற்றுப் பருக்கையைப் பின்தொடர்க: வாயில் உமிழ்நீரினால் அதன் மாப்பொருள் சமிபாடடையத் தொடங்குதல், சிறுகுடலிற் குளுக்கோசாகி உறிஞ்சப்படுதல், ஈரல் வாயினாளத்தின் வழியே ஈரலை அடைதல், இறுதியில் தசையிற் சத்தியை அளித்தல் என ஒரே பயணத்திற் பல தொகுதிகள் இணையும். அதனைத் தம்பி தங்கையர்க்கு விளங்கச் சொல்லுக. நா தடுமாறும் இடமே மீண்டுங் கற்க வேண்டிய இடம். 'ஒப்பிடுக', 'காரணங் கூறுக' என்னும் ஏவல்களை நன்கு நோக்கி, கேட்டதற்கே விடை எழுதுக. முதல்நாள் இரவு விழித்திருத்தல் வேண்டா. கற்றது மனத்திற் பதிதற்கு உறக்கமும் துணையாம்.

நூலின் வாக்கியத்தை ஒப்புவியாது, உணர்ந்ததைச் சொந்தத் தமிழில் எழுதப் பழகுதலே இவற்றின் முடிவு. அதற்குத் தமிழ் போதாது என எவரும் அஞ்சவேண்டியதில்லை. மேனாட்டு மருத்துவத்தை மானிப்பாயிலே தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) என்னும் அமெரிக்க மருத்துவர். பிறநாட்டார் ஒருவர் நம் மொழியின்மீது வைத்த நம்பிக்கை நமக்கும் இருத்தல் வேண்டுமன்றோ?

உடம்பை இழிவென எண்ணாது, இறைவன் உறையும் இடமெனப் பேணுமாறு திருமூலர் உணர்த்தினார். பேணுதற்கு முதற்படி அறிதல். பரீட்சை ஒருநாளிற் கழியும். இவ்வுடலோடு நாம் வாழ்வதோ வாழ்நாள் முழுவதும். அதனை உணர்ந்து கற்கும் மாணவர்க்குப் புள்ளிகளும் வந்து சேரும்.