சரக்கின் பின்னால் இருக்கும் கைகள்

ஒரு சரக்கு நன்றாக விலைபோனால் கடையின் பெயர்தான் வெளியே வரும். அதைச் செய்த கைகளை யாரும் விசாரிப்பதில்லை. அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டுக் கம்பனி இதற்கு நல்ல உதாரணம்.

1959இல் டெட்ரொயிட் நகரில் பெரி கோர்டி என்பவர் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் வாங்கி இந்தக் கம்பனியை ஆரம்பித்தார். ஒரு வீட்டையே ஒலிப்பதிவுக்கூடமாக்கினார். பாடகர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். ஆனால் அந்தப் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு வாத்தியம் வாசித்தவர்கள் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்ற ஒரே குழுவினர். அவர்களுக்குக் கிடைத்தது வேலைக்கான கூலி மட்டுமே, விற்பனையில் பங்கில்லை. 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் முதன்முதலாக அவர்களுடைய பெயர்கள் அச்சாகின. 1972இல் கம்பனி லொஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்மாறியது, குழு கலைந்தது. அவர்களைப் பற்றிய ஆவணப்படம் வந்தது 2002இல். பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1983இலேயே காலமாகிவிட்டார்.

கூலி கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று நாமும் சொல்லலாம். ஆனால் என் வியாபார அனுபவத்தில், வாடிக்கையாளர் திரும்பி வருவது பெயர்ப்பலகையைப் பார்த்தல்ல. தையல் கடையென்றால் துணி வெட்டுபவரின் கைக்காக, சாப்பாட்டுக் கடையென்றால் சமையல்காரரின் ருசிக்காக வருகிறார்.

ஆகவே மூன்று விடயங்களைச் செய்யுங்கள். வாடிக்கையாளர் முன் அவர் பெயரைச் சொல்லுங்கள். இலாபம் கூடிய வருடத்தில் அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். கடையை மாற்றுவதாயின் முதலில் அவரிடம் பேசுங்கள்.